குன்னூர்க்காரனுக்கு, பெரம்பூரிலிருந்து

டேய் மாப்ளே,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் வேலை இல்லை, வயிற்றெரிச்சல். என்னிடம் இருக்கும் அதே ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, கேம் ஆடும்போது உன் வீட்டில் 64 டிகிரியில் ஓடுகிறதாம். ஓடாமல் என்ன செய்யும்? மே மாதத்திலும் போர்வை போர்த்துகிற ஊர் உன்னுடையது. இங்கே மொட்டை மாடிக்கு நேர் கீழே, பொழுது சாய்ந்த பிறகும் அறைக்குள் 36. கார்டின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் ஏறுவதுதானே? நீ 20-லிருந்து தொடங்குகிறாய், நான் 36-லிருந்து. இதில் உன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பாப்பா ஆறாவது போகிறாள், உன்னை இன்னும் 'வர்க்கி மாமா' என்றுதான் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியிலேயே கார்டின் ஃபேன் கத்த ஆரம்பித்துவிட்டது. இந்தக் கார்டு தனக்கு வைத்திருக்கும் எல்லை 83 டிகிரி. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட ஆரம்பிக்கும்போது 1900 மெகாஹெர்ட்ஸ், அரை மணி போனால் 1600-க்கும் கீழே. திரை திக்கித் திக்கி நகரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் காட்டினேன். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, "சிப் வீக் ஆயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்றார். வீக் ஆவதற்கு அது என்ன எங்கள் தாத்தாவா?

சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஹாட்ஸ்பாட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிப் 83, அதன் மிகச் சூடான புள்ளி 105. பத்து பதினைந்து வித்தியாசம் இருந்தால் சகஜம், 22 இருந்தால் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி, சிப்பின் மேல் சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். சிப் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விரிந்து சுருங்கும்; அதில் இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். நீயும் உன் ஹாட்ஸ்பாட்டைப் பார். 64 என்று மட்டும் காட்டிப் பெருமை பேசாதே.

கார்டைக் கழற்றி நானே பேஸ்ட்டை மாற்றினேன். வாரண்டி போன வருஷமே முடிந்துவிட்டதால் ஸ்டிக்கரைக் கிழிப்பதில் தயக்கம் இல்லை. கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கிக்கொள். அப்போதுதான் பேஸ்ட் இளகி ஹீட்சிங்க் சுலபமாகப் பிரியும். பிரிந்ததும் வெடுக்கென்று தூக்காதே, ஃபேன் வயர் உள்ளே மாட்டியிருக்கும். மெமரி மேல் ஒட்டியிருக்கும், சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பேட்களில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் அரை மில்லி தூக்கி நிற்கும், சிப்பைத் தொடவே தொடாது. நல்ல பேட்களை நான் மாற்றவே இல்லை. ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஃபேனில் தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள். பலன்: சிப் 74, ஹாட்ஸ்பாட் 87. சத்தமும் அடங்கிவிட்டது. உனக்கு உடனே போன் போட்டுப் பீற்றிக்கொள்ளத்தான் நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி அப்பா, "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைப்பா" என்றார்.

கம்ப்யூட்டர் இருப்பது அவர் படுத்திருக்கும் அறையில்தான். பைபாஸ் ஆனதிலிருந்து ஏசி இருக்கும் அந்த ஒரே அறையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஏசியைப் பத்து மணிக்கு முன்னால் போடவே விடமாட்டார். உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர், வெயில் காலத்தில் சூடு ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அறையில் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஹாலைவிட இரண்டு டிகிரி கூட.

யோசித்தால் கணக்கு சரிதான் மாப்ளே. கார்டு இழுக்கும் 220 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வந்து விழுகிறது. பேஸ்ட் மாற்றியதால் சிப்பை விட்டுச் சூடு சீக்கிரம் கிளம்புகிறது, அவ்வளவுதான். முன்னால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு 180 வாட்டோடு நின்ற கார்டு, இப்போது குளுகுளுவென்று முழு 220-ஐயும் எடுக்கிறது! பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் 350 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு மூன்றரையை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எரியவிட்ட மாதிரி. ஏசி போட்டாலும் ஒரு டன் ஏசி வெளியே தள்ளுவது சுமார் 3500 வாட், அதில் பத்தில் ஒரு பங்கு எனக்கே போய்விடும்.

"அணைத்துவிட வேண்டியதுதானே" என்பாய். அதுதான் முடியாது. சாயங்காலம் நான் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேமைப் போட்டால்தான் அவர் எழுந்து உட்காருகிறார். பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டியவர் இல்லையா, ஜெர்மனி நெடுஞ்சாலையில் நான் கியர் மாற்றுவதைப் பார்த்து, "கிளட்சை அப்படி மிதிக்காதடா, வண்டி பாவம்" என்று திட்டுவார். நாள் முழுக்க அவர் வாயைத் திறப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதை எப்படி அணைப்பேன், சொல்.

அதனால் வாட்டில் கை வைத்தேன். முதல் வேலை ஃப்ரேம் உச்சவரம்பு. மானிட்டர் காட்டுவது நொடிக்கு 60 படம், அதாவது ஃப்ரேம்; லாரி கேமோ 140 ஃப்ரேம் தயாரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. 60-ல் நிறுத்தியதும் கார்டு 90 வாட்டுக்கு இறங்கிவிட்டது. 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வந்தபோது வெறும் மெனு திரையிலேயே பலருடைய கார்டுகள் கொதித்தது ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதே கதைதான். கடைசியில் அதை வெளியிட்ட ப்ளிஸார்ட் கம்பெனியே வேரியபிள்ஸ் என்ற செட்டிங் ஃபைலில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னது, விளையாட்டுக்கு 60, மெனுவுக்கு 30 என்று.

அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைப்பது. கார்டை அடக்கி ஆளும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கண்ட்ரோல்-எஃப் அடித்தால், எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு வரும். சும்மா விட்டால் என் கார்டு 1 வோல்ட்டைத் தாண்டி எடுக்கும், நான் 0.875 வோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸில் கட்டிப்போட்டேன். பெரிய கேம்களிலும் 165 வாட்தான். நூறு ஃப்ரேம் வந்த இடத்தில் 95 வருகிறது, அந்த ஐந்து எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரிந்தால் நீ சொல். வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவது பவர் என்று நம் பிசிக்ஸ் வாத்தியார் கத்தியது இப்போதுதான் காதில் ஏறியது. (சரி, அவர் அதை டிரான்சிஸ்டருக்குச் சொல்லவில்லை.)

இப்போது ஹாலுக்கும் அறைக்கும் வித்தியாசம் அரை டிகிரி. அப்பா ஃபேனைப் பற்றிப் பேசவில்லை, ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். கேபினெட்டையே ஹாலுக்குக் கொண்டுபோய் நீள ஹெச்டிஎம்ஐ கேபிள் இழுக்கலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. உன் தங்கமணி மாதிரி என் வீட்டிலும் ஹாலில் வயர் ஓடுவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

உன் பையனுக்குப் பழைய கார்டு வாங்குவதாக எழுதியிருந்தாயே, அவசரப்படாதே. கார்டுகளை ராப்பகலாக ஓட்டி ஈத்தரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், ஆனால் அரை மணி ஓட்டி ஹாட்ஸ்பாட்டைக் காட்டச் சொல். காட்ட மறுத்தால் வாங்காதே.

சோடாபுட்டி கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். மண்டபத்தில் 'பிரேக்' கதையை எடுத்தாயானால் நீ யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவேன். இரண்டு நாள் முன்னதாகவே வந்து இங்கே தங்கு. அப்பாவுக்கு நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் கொண்டு வா, கடையில் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்து புரியாவிட்டால் போன் போடு.

உன்,
பெரம்பூரான்