கோடீஸ்வரன் எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நடுத்தர வர்க்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில், சென்னையின் மையப் பகுதியில் ஒரு கோடி ரூபாய் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தங்களை நடுத்தரம் என்று சொல்லிக்கொள்பவர்களை உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியில் கிண்டலடித்திருக்கிறார். அந்த வரிக்குச் சொந்தக்காரர்களில் நானும் ஒருவன். கே.கே. நகரில் வீட்டு வசதி வாரியம் கட்டிய அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கோடீஸ்வரன்.

என் அப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வாரியம் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் என்று பிரித்துத்தான் வீடு ஒதுக்கும். அப்பாவுக்குக் கிடைத்தது நடுத்தர வருவாய்ப் பிரிவு வீடு. தவணை கட்டி முடிப்பதற்குள் அம்மாவின் வளையல்கள் போய்விட்டன. அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். சுற்றியிருக்கும் மண்ணின் விலை ஏறியதில் எங்கள் சாமர்த்தியமும் இல்லை, குற்றமும் இல்லை.

நான் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதி 2016-இல் ஓய்வு பெற்றவன். பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய்தான், அப்புறம்தான் 15,000 ஆனது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே இந்தக் கோடீஸ்வரனுக்கு மாதம் வரும் ஓய்வூதியம் நான்காயிரத்தைத் தொடவில்லை. மிச்சத்தை டெபாசிட் வட்டியும் மகன் அனுப்புவதும் சமாளிக்கின்றன.

வீட்டை வைத்தே மாத வருமானம் பார்க்கலாமே என்று உங்கள் கட்டுரையாளர் யோசனை வேறு சொல்லியிருக்கிறார். ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றி 2007 பட்ஜெட்டில் அறிவித்தபோதே ஆவலாகப் படித்தவன் நான். 60 வயதானவர் சொந்த வீட்டை அடமானம் வைத்தால் வங்கி மாதாமாதம் பணம் தரும், நம் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளும். சரி என்று ஒரு வங்கியில் போய்க் கேட்டேன். கட்டடத்துக்கு இன்னும் 20 ஆண்டாவது ஆயுள் இருக்க வேண்டுமாம். எங்கள் பால்கனியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில், எனக்கே அந்த 20 ஆண்டு சந்தேகம்தான் என்று இருந்தது.

இடித்துக் கட்டலாம் என்பீர்கள். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று 2022-இல் போட்ட அடுக்ககச் சட்டம் சொல்கிறது. எங்கள் பிளாக்கில் தண்ணீர் மோட்டாருக்கே அத்தனை பேர் ஒரே கருத்துக்கு வந்ததில்லை. விற்றுவிட்டுப் புறநகருக்குப் போகலாம் என்றால், அங்கே வாங்கும் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் அரசுக்கு. முழங்கால் வலியோடு, மருத்துவர் யார் எங்கே என்று இந்த வயதில் முதலிலிருந்து தேட வேண்டும். ஆக, அந்த ஒரு கோடி என்பது பத்திரிகைக்காரர்களுக்கும் புரோக்கர்களுக்கும் மட்டும் கண்ணில் தெரிகிற பணம்.

மாநகராட்சிக்கும் தெரிகிறது, விட்டுவிட்டேன். 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரை உள்ள வீடுகளுக்கு 75 சதவீதம் ஏற்றினார்கள். ஓய்வூதியத்தில் ஏற்றம் கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை. மின் கட்டணமோ, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறும். மே மாதத்தில் பேத்தி வந்து ஏ.சி. போட்டால் நான் மீட்டரைப் போய்ப் பார்க்கிறேன்.

சரி, அரசாவது ஒழுங்காகச் சொல்கிறதா யார் நடுத்தரம் என்று? மத்திய அரசின் 10 சதவீத இடஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் வருமானம் என்றால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. மாநில அரசின் மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் வசதியானவர். புதிய வருமான வரி முறையிலோ 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு 12 லட்சம் வரை வரியே இல்லை. பெருநகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே 8 லட்சமா என்று உச்ச நீதிமன்றமே 2021-இல் கேட்டது. குழு போட்டார்கள். குழு அதே 8 லட்சத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனது.

எங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் தம்பதி இருவரும் ஐ.டி.யில் வேலை. அவர்களும் உங்கள் கணக்கில் பணக்காரர்கள்தான். வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் போக, வீடு வாங்கும் கனவை ஆண்டுதோறும் தள்ளிப் போடுகிறார்கள். அந்தப் பெண் என்னிடம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னாள். 80 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம். பழைய வருமான வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வட்டியில் வருமானத்திலிருந்து கழிக்க விடுவது ஆண்டுக்கு 2 லட்சம், அதுவும் 2014-இல் வைத்தது. புதிய முறையில் அதுவும் கிடையாது. மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் நடுத்தர வருவாய்க்காரருக்கு வட்டி மானியம் உண்டு: குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த விலையில் கே.கே. நகரில் வீடு இருந்தால் உங்கள் கட்டுரையாளர் தயவுசெய்து முகவரி கொடுக்கட்டும். கீழ்வீட்டுப் பெண்ணை நாளைக்கே அனுப்புகிறேன்.

நான் ஏழை என்று சொல்லவில்லை. கூரை இருக்கிறது, கடன் இல்லை. எங்கள் பிளாக்கில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் வீட்டு வாடகையை நினைத்தால் என் புலம்பல் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லையே ஐயா. கிண்டல் செய்ய நாங்கள் கிடைத்தோம், அவ்வளவுதான்.

கேட்பது ஒன்றுதான். கட்டுரையோடு வருமானத்தை வைத்து வர்க்கம் பிரிக்கும் அட்டவணை ஒன்று போட்டிருந்தீர்கள். அதில் 'வாடகை அல்லது வீட்டுக் கடன் தவணை போக' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, எந்த ஊருக்கான கணக்கு என்பதையும் குறிப்பிட்டு மறுபடி வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்குவீர்கள் என்று தெரியும். எதை வெட்டினாலும் சொத்து வரியை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கே.கே. நகர், சென்னை – 78