காலாண்டு முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டி, கட்டுரைப் போட்டி இரண்டிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

பிளஸ் ஒன் பிள்ளைகளின் தெருக் கணக்கெடுப்பு பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். சமூகவியலைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் மனப்பாடத்தோடு நின்றுவிடும். அதனால்தான் பிள்ளைகள் ஆளுக்கு 5 வீட்டுக்குப் போய், 12 கேள்வி கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதி வரச் சொன்னோம். ஒரு வீட்டுப் பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் அது அந்த வீட்டுச் செய்தி. தெருவில் பாதி வீட்டில் அப்படியென்றால் மழை, நிலம், கூலி, ஓசூர் கம்பெனி பஸ் எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். ஏன் என்று நம் பிள்ளைகளே கேட்டுப் பார்க்கட்டுமே.

ஆனால் வந்த படிவங்களில் பாதிக்கு மேல் வீட்டுப் பெரியவர்களே எழுதிக் கொடுத்தவை! உதவும் எண்ணம்தான், புரிகிறது. விளைவைப் பாருங்கள்: பெண்களின் வேலை என்ற இடத்தில் வரிசையாக 'வீட்டில் சும்மா'. விடியலில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, நூறு நாள் வேலைக்கும் போய், தக்காளி பறித்து வருபவர் சும்மாவா இருக்கிறார்? அதனால்தான் 'வேலைக்குப் போகிறீர்களா' என்று கேட்காமல், 'நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள்' என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம். எதிரில் உட்கார்ந்து கேட்டால்தான் அது வரும். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளின் பதில் மாறும். அதையும் பிள்ளை கவனிக்க வேண்டும். ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பவருக்குத் தனிக் கட்டம். பல படிவங்களில் இரண்டும் குழம்பி, தலைக்கணக்கே தப்பாகிவிட்டது.

பெற்றோர் எழுதிய படிவம் இனி வாங்கப்படாது, மதிப்பெண்ணும் கிடையாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

'வீட்டு விஷயத்தை ஏன் கேட்கிறார்கள்' என்ற உங்கள் கவலையும் நியாயமே. சாதி, கடன், வருமானம் மூன்றையும் கேட்பதில்லை. படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. பிள்ளைகள் இருவர் இருவராக, சொந்தத் தெருவில், மாலை ஐந்து மணிக்குள் போய் வருவார்கள். விருப்பமில்லாத வீட்டில் வற்புறுத்த மாட்டார்கள்.

புதிய படிவம் திங்களன்று கொடுக்கப்படும், அடுத்த திங்களுக்குள் வந்தால் போதும். கேட்க வந்த பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துப் பொறுமையாகப் பதில் சொன்ன எல்லா வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்