ஜூலை வேண்டாம், மாப்ளே

பொள்ளாச்சி,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கூடவே நீ பென்சிலில் போட்டு அனுப்பிய அட்டவணையைச் சாப்பாட்டு மேசை மேல் விரித்து வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "யாருக்குக் கல்யாணம், இவ்வளவு கணக்கு?" என்று வீட்டில் கேட்டுவிட்டாள். பைக்கில் லடாக் என்றேன். அவள் பார்த்த பார்வையை நேரில்தான் நடித்துக் காட்ட முடியும். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. அதுவரை லாபம்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இடது முட்டிதான் கொஞ்சம் மக்கர். மாடிப்படி அதிகம் ஏறாதீர்கள் என்றார் டாக்டர். பைக் ஓட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, அட்டவணைக்கு வருகிறேன். ஜூலை 10 கிளம்பி, ஒன்பது நாளில் மணாலி, லே, நுப்ரா, பாங்காங், திரும்ப மணாலி. ஒன்பது ராத்திரிக்கும் ரூம் போட்டாச்சா என்று வேறு கேட்டிருக்கிறாய். லேயில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை, அப்புறம் எந்த மாதம் போனால் என்ன என்பது உன் கணக்கு. மழை அளவு சரிதான். அதைவிடப் பல மடங்கு மழை ஒரே நாளில் சென்னையில் கொட்டியதை 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தவன் நீ.

ஆனால் லேக்குப் போகிற வழி லேயில் இல்லையே. நீயும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான். ஜூலையில் வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம் கொட்டித் தீர்க்கும்போது, மலைக்கு இந்தப் பக்கம் உடுமலையில் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கேயும் அதே கதைதான், மலை மட்டும் பெரிசு. ரோஹ்தாங்குக்குத் தெற்கே மண்டி, குலு, மணாலி எல்லாம் நம் வால்பாறை. வடக்கே லாஹௌல் நம் உடுமலை. 2020-இல் திறந்த அடல் டனல் 9 கிலோமீட்டர். அதில் தெற்கு வாயிலில் மழைக்கோட்டுடன் நுழைந்து, வடக்கு வாயிலில் வெயிலில் வெளியே வந்து கோட்டைக் கழற்றுகிறவர்கள் நிறைய.

அந்தத் தெற்குப் பக்கத்தில்தான் ஜூலையில் சாலையே காணாமல் போகிறது. 2023 ஜூலை 9, 10 தேதிகளில் பியாஸ் ஆறு ரோட்டையும் வண்டிகளையும் அள்ளிக்கொண்டு போனதை டிவியில் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணியவனே நீதான்! அதே தேதிக்கு டிக்கெட் போடுகிறாயே.

நான் முதல் தடவை போனது டனல் வருவதற்கு முன்னால், அதுவும் ஜூலையில். அந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. மண்டிக்கு மேலே மலை சரிந்து இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டது. அதில் ஒன்றும் கஷ்டமில்லை, ரோட்டோரக் கடையில் பராத்தாவும் டீயுமாகப் பொழுது போயிற்று. கேடு அதற்கப்புறம்தான். போன இரண்டு நாளை மீட்கணுமே என்று நடுவழியில் ஜிஸ்பாவில் தங்காமல், மணாலியில் விடியற்காலை கிளம்பி ஒரே ஓட்டமாகச் சர்ச்சு போய்விட்டேன். மணாலி 2,000 மீட்டர் உயரம், சர்ச்சு 4,290. உடம்பு பழகவே நேரமில்லை. கூடாரத்தில் படுத்தால் மண்டைக்குள் யாரோ அம்மி அரைக்கிறார்கள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. விடிகிற வரைக்கும் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு லாரி டிரைவர்தான் என் வண்டியைப் பின்னால் ஏற்றிக் கீழே இறக்கினார். மலை சரிந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டவணையில் ஒரு காலி நாள்கூட இல்லாததுதான் என்னைப் படுக்க வைத்தது.

அதனால் இந்தத் தடவை என் யோசனை இது. செப்டம்பர் 5 வாக்கில் ஜம்மு. வண்டியை ரயில் பார்சலில் அனுப்பிவிடலாம். டேங்கை ஒட்ட வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள், நினைவிருக்கட்டும். அங்கிருந்து ஸ்ரீநகர், சோனாமார்க், சோஜி லா (லா என்றால் கணவாய்), கார்கில், லே. போகும்போது ஸ்ரீநகர் வழி, திரும்பும்போது மணாலி வழி. காரணம் உயரம்தான். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள், சோஜி லா 3,500, மறுபடி இறங்கிக் கார்கிலில் 2,700-க்குள் தூக்கம், ஃபோட்டு லாவில் 4,100 தொட்டுவிட்டு லேயில் 3,500. உடம்பு பழகிக்கொண்டே வரும். மணாலி வழியில் எடுத்த எடுப்பில் பாராலாச்சா கணவாய், 4,890 மீட்டர். லேயில் இரண்டு நாள் சும்மா இருப்போம். நடந்து டீக்கடை வரை போகலாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கர்துங் லா, நுப்ரா. பாங்காங்கை முடிந்தால் பார்ப்போம், முடியாவிட்டால் விடு, ஏரி எங்கேயும் ஓடிப்போகாது.

செப்டம்பர் என்றால் முழுப் பத்திரம் என்று நினைக்காதே. 2014-இல் ஸ்ரீநகரே மூழ்கியது செப்டம்பர் முதல் வாரத்தில்தான். ராம்பன் பக்கம் மழை பெய்தால் ஜம்மு சாலையும் அடைபடும். மறுபக்கம், மாதக் கடைசியில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்கிற மழைக் காற்று எட்டிப் பார்த்தால் பனி. 2018 செப்டம்பர் 22 வாக்கில் லாஹௌலில் திடீரென்று பனி கொட்டி, மாட்டிக்கொண்டவர்களை விமானப்படை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஆக, மழை விலகுகிற நேரத்துக்கும் பனி வருகிற நேரத்துக்கும் நடுவில் இரண்டு வாரச் சந்துதான் நமக்கு. 18-ஆம் தேதிக்குள் பாராலாச்சாவைத் தாண்டிவிட வேண்டும். ஆனால் மூன்று காலி நாள், ரூம் போடாமல், பெயர் வைக்காமல் அட்டவணையில் கட்டாயம் இருக்கணும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, கணவாய்களைக் காலையிலேயே தாண்டணும். மழைக்குப் பயந்து சொல்லவில்லை. நல்ல வெயில் அடித்தால்தான் அங்கே ஓடையில் தண்ணீர் ஏறும், பனிப்பாறை உருகுகிற தண்ணீர். காலை ஏழு மணிக்குக் கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரிகிற ஓடை, மூன்று மணிக்குக் காப்பித் தூள் நிறத்தில் முட்டி வரை ஓடும். கல் எது பள்ளம் எது என்று தெரியாது. ஷூவுக்குள் தண்ணீர் போனால் அன்றைக்குக் காலைக் காலாகவே உணர மாட்டாய். சாக்ஸுக்கு மேல் பால் கவர் மாட்டிக் கட்டு, சிரிக்காதே. கையுறை இரண்டு ஜோடி. ஈரக் கையுறையோடு விரல் விறைத்துக் கிளட்ச் பிடிக்க முடியாமல் நடுரோட்டில் நின்றவன் சொல்கிறேன்.

உன் வண்டி இன்ஜெக்‌ஷன், காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அதுவே அளந்துகொள்ளும், கவலையில்லை. என் பழைய புல்லட் கார்ப்பரேட்டர், அதற்கு அது தெரியாது. தங்லங் லா 5,328 மீட்டர், காற்றில் பாதி இல்லை. ப்ளக் கரி கட்டும், வண்டி என்னைப் போலவே இளைக்கும். நான் பின்னால் வருவேன், நீ போய் டீ சொல்லி வை. திரும்பும்போது லே பக்கத்துக் காரு என்கிற ஊரில் பெட்ரோல் போட்டால் அப்புறம் லாஹௌலில் தண்டி வரை பங்க் கிடைக்கும் என்று நம்பாதே, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆளுக்கு அஞ்சு லிட்டர் கேன். சிம் போஸ்ட்பெய்டாக மாற்றிவிடு, நம் ஊர் ப்ரீபெய்ட் அங்கே வேலை செய்யாது. தங்கச்சிக்குத் தினமும் போன் வரலைன்னா என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் அந்த ஆபீஸுக்கு உழைத்தவன், செப்டம்பரில் பதினெட்டு நாள் கேட்டுப் பார். கொடுக்கவில்லை என்றால் என் முட்டியைக் காரணம் சொல், கூட ஆள் வேண்டும் என்று.

பார்சல் ஆபீஸில் விசாரித்துவிட்டு புதன்கிழமை ராத்திரி போன் பண்ணுகிறேன். அதற்குள் அந்த அட்டவணையை ரப்பர் வைத்து அழித்து வை.

உன்,
மச்சான்