நரி அழுத இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேத்திக்குக் ‘குட்டி இளவரசன்’ என்ற சிறுவர் கதையை வாசித்துக் காட்டுகிறேன். இளவரசன் நரியைப் பிரியும் இடத்தை அவள் எளிதாகக் கடந்துவிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இனிமேல் கோதுமை வயலின் பொன்னிறம் அவன் தலைமுடியை நினைவூட்டும் என்கிறது நரி. கணவரை இழந்த எனக்கு, அவர் வழக்கமாக ஏறிய லோக்கல் வண்டியின் ஹாரன் அப்படித்தான். இழந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வரி முழுதாகப் புரியும்.

1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்த கதை. எழுதிய செந்த்-எக்சுபெரி மறுஆண்டே விமானத்தோடு காணாமல் போனார். பசியிலும் குளிரிலும் வாடிய லியோன் வெர்த் என்ற பெரியவருக்கு அதைச் சமர்ப்பித்து, அதற்காகக் குழந்தைகளிடம் மன்னிப்பும் கேட்கிறார்!

உங்கள் ஞாயிறு இதழில் இப்படிப்பட்ட கதைகளைப் பெரியவர்களுக்கும் சேர்த்தே அறிமுகப்படுத்துங்கள்.

– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை