டக்ஸ்ஃபோர்டில் கேட்ட சத்தம்

கானாடுகாத்தான்

அன்புள்ள பழனியப்பனுக்கு,

நலம். அங்கே ஆச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? தீபாவளிக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கேட்டால் மட்டும் "எழுதிக்கிட்டே இருக்கேன்" என்கிறாய். நீ எழுதி முடிப்பதற்குள் உன் பேரனுக்குக் கல்யாணமே ஆகிவிடும். சரி, உன்னைத் திட்டுவதற்காக உட்காரவில்லை. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போனில் அது சொல்ல வரவில்லை.

மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போனோம் இல்லையா, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டு என்று ஒரு விமானத்தளம். இப்போது அது இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பறந்த சண்டை விமானங்களைப் பழுதுபார்த்து அங்கே பறக்கவிடுகிறார்கள். மகன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அப்பத்தா காலத்துப் பித்தளைச் சாமான்களைத் துலக்கி அலமாரியில் அடுக்கி வைப்பதுபோல ஏதோ ஒன்று என்றுதான் நினைத்துப் போனேன். போய் நின்ற பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன், பழனி.

முதலில் ஒரு ஸ்பிட்ஃபயர், பிரிட்டிஷ்காரர்களின் சண்டை விமானம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அது. எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டுவதற்கு ஒரு தட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். புரொப்பெல்லர் தயங்கித் தயங்கி இரண்டு சுற்று சுற்றியது. ஒரு இருமல், புகைக்குழாய்களிலிருந்து நீலப் புகை. அப்புறம் பிடித்துக்கொண்டது. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. சைலன்சர் எதுவும் கிடையாது. மூக்கின் இரு பக்கமும் குட்டையான குழாய்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பதும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. நெஞ்செலும்பில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது.

தரையில் அதை அதிக நேரம் நிறுத்தி வைக்க முடியாதாம். குளிர்விக்கும் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில், சக்கரக் காலுக்குப் பின்னால் இருக்கிறது. காற்று சரியாகப் படாமல் சூடேறிவிடும். போதாக்குறைக்கு நீண்ட மூக்கு வேறு நேர் எதிரே இருப்பதை மறைக்கிறது. அதனால் பைலட் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஓடுபாதைக்கு ஓட்டிப் போகிறார். தரையில் இத்தனை திணறுவது, சக்கரத்தை மடித்ததும் எப்படி மாறிவிடுகிறது என்கிறாய்! அந்த முட்டை வடிவ இறக்கையைச் சாய்த்து அது திரும்பும்போது பக்கத்தில் யாரும் பேசவில்லை. தொலைவில் ஒரு ரீங்காரம், கிட்டே வர வர உறுமல், தலைக்கு மேலே கடக்கும்போது சட்டென்று சுருதி இறங்குகிறது. ஜெட் விமானத்தின் இரைச்சலில் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை. அப்புறம் ஒரு அமெரிக்க மஸ்டாங் வந்தது. அதிலும் மெர்லின்தான், அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி செய்தது. ஆனால் அது தாழப் பறந்து வரும்போது உறுமலோடு ஒரு சீழ்க்கையும் சேர்ந்து வருகிறது. கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடலாம்.

டக்ஸ்ஃபோர்டுக்கே சொந்தமான ஒரு ஸ்பிட்ஃபயரின் கதையைக் கேள். என்3200 என்பது அதன் எண். 1940 மே மாதம், பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படைகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம், இதே டக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த 19-ஆவது படைப்பிரிவுக்காகப் பறந்துபோய் அடிபட்டு, பிரான்ஸ் கடற்கரை மணலில் இறங்கியது. பைலட் போர்க்கைதியானார். விமானம் மணலுக்குள் புதைந்தது. 1986-இல் தோண்டி எடுத்தார்கள். 2014-இல் மறுபடி பறந்தது. மணலில் கிடந்த தகரத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும், இதெல்லாம் பழைய விமானம்தானா என்று நீ கேட்பாய். பெரும்பகுதி புதிதாகச் செய்ததுதான். ஆனால் அதே வரைபடத்தைப் பார்த்து, அதே முறையில் ஆணி அடித்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

எல்லோரும் ஸ்பிட்ஃபயர் ஸ்பிட்ஃபயர் என்கிறார்கள். என் மனசைப் பிடித்தது அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானம், ஹரிக்கேன். அழகில் அதற்கு ஒரு படி கீழேதான். தடித்த இறக்கை, கூன் விழுந்த முதுகு. பின்பாதி உடம்பு முழுக்கத் துணி! கிட்டே போய்ப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் துணியின் மேல் வரிவரியாகத் தெரிகின்றன. இந்தத் துணியைப் போர்த்திக்கொண்டா போருக்குப் போனார்கள்? 1940-இல் இங்கிலாந்து வானத்தில் நடந்த சண்டையில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிக்கேன் வீழ்த்திய விமானங்கள்தான் அதிகம். பின்னாளில் நம் விமானப்படைத் தளபதியான அர்ஜன் சிங் 1944-இல் இம்பாலில் பறந்ததும் ஹரிக்கேனில்தான்.

இப்போது சொல்வதைக் கேட்டால் நீ எழுந்து உட்காருவாய். இன்றைக்குப் பறக்கும் ஹரிக்கேன்களில் ஆர்4118 என்று ஒன்று. 1940 சண்டையில் பறந்தது. அப்புறம் இந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது கிடந்த இடம் எது தெரியுமா? காசி! பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தக் கொடுத்து, பிறகு திறந்தவெளியில் கிடந்திருக்கிறது. 1982-இல் ஒரு ஆங்கிலேயர் கண்ணில் பட்டு, பல வருஷம் அலைந்து அனுமதி வாங்கி, 2001-இல் ஊருக்குக் கொண்டுபோய், 2004 டிசம்பரில் பறக்க வைத்துவிட்டார். உங்கள் அப்பச்சியோடு நாம் காசிக்குப் போனதை நினைத்துப் பார். நகரத்தார் சத்திரத்தில் தங்கி, தினமும் பூஜைச் சாமான்களோடு போகும் சம்போ ஊர்வலத்தின் பின்னால் விசுவநாதர் கோயிலுக்கு நடந்தோமே, அதே ஊரில் அப்போது அது வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தது.

ஹரிக்கேன் என்றதும் எனக்கு ஐயா ஞாபகம் வந்துவிட்டது. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் வளவில் விளையாடும் நம் இரண்டு பேரையும் கையைப் பிடித்துப் பட்டாலைக் கூடத்துக்குள் இழுத்துவிடுவாரே. நாம் சிரிப்போம். ரங்கூனில் 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, மொகல் தெருவில் நகரத்தார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் இருந்தவர் அவர். அது என்ன சத்தம் என்று தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்த ஜனம்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தது. பிப்ரவரியில் புறப்பட்டு, புரோம் வழியாக அரக்கான் மலையேறி நடந்தே வந்தார். ஜனவரி கடைசியில் ரங்கூனைக் காக்க ஹரிக்கேன்கள் வந்துவிட்டன. ஹரிக்கேனிலும் மெர்லின்தான். அப்படியானால் இதே மெர்லின் சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்கும்.

நான் ஆயிரக்கணக்கானவர்களோடு வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா இருந்தால் என்னை உள்ளே இழுத்திருப்பார். அழுகை வந்துவிட்டது. மருமகள் பதறிப்போய் வெயிலா மாமா என்று கேட்டாள்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மனுஷனைக் கொல்லச் செய்த இயந்திரத்துக்கு இத்தனை கொண்டாட்டமா, அதுவும் நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுடையது என்பாய். நம் பணமும் அதில் போயிருக்கிறது, மறந்துவிடாதே. நம் மாகாணம் கொடுத்த போர் நிதிக்காகப் பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 என்று மூன்று படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர். அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது வேறு. 2024 மே மாதம் ஒரு ஸ்பிட்ஃபயர் விழுந்து பைலட் இறந்துபோனார். ஒரு சத்தத்துக்காக ஒரு உயிரா, பேசாமல் கண்ணாடிக்குள் வைத்துவிடலாமே என்று மகனும் கேட்டான். ராத்திரியெல்லாம் யோசித்தேன். பறக்கத்தான் வேண்டும் என்கிறேன். நிற்கும் விமானத்தைப் பார்க்கிறவனுக்கு அது ஒரு பொம்மை. அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் ஐயா எதற்குப் பயந்தார் என்பது புரிகிறது. எனக்கே இந்த வயதில்தான் புரிந்தது. ஏறிப் பறக்கிறவர்களும் தெரிந்தேதான் ஏறுகிறார்கள். நீ மறுத்துப் பேசு, ஆனால் எழுதிப் பேசு.

ஊர் வந்ததும் நம் ரன்வே பக்கம் போனேன். போர்க்காலத்தில் போட்டது இன்னும் அப்படியே நீண்டு கிடக்கிறது. இப்போதும் அதில்தான் பையன்கள் கார் பழகுகிறார்கள். உங்கள் அம்பாசடரைக் கருவேல முள்ளுக்குள் நீ விட்ட இடத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். முள் இன்னும் அடர்த்தியாகத்தான் இருக்கிறது.

தை மாதம் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. ஆச்சியையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிடு. ஐயா நடந்துவந்த கதையை அவர் சொல்லச் சொல்ல உங்கள் அப்பச்சி ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினாரே, அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். பரணில் தேடி எடுத்து வா. விமானத்தைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறார் என்று நான் பார்க்க வேண்டும். தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா.

அன்புடன்,
சொக்கலிங்கம்