கணுக்காலில் பட்ட அடிகளுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை டேலி சிட்டியில் என் பிலிப்பைன்ஸ் நடன நிகழ்ச்சி முடிந்ததும் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பெயரோடு இறங்கிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லோலா. பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கலிஃபோர்னியாவில் பிறந்த பிள்ளைக்கு ஆங்கிலம் போதும் என்று அப்பாவும் அம்மாவும் நினைத்தார்கள். லோலா பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவுக்காரர். கொஞ்சுவதும் திட்டுவதும் வாராய் மொழியில்தான். சமையலறையில் இரண்டு துடைப்பக் கட்டைகளைப் போட்டு எனக்குத் தினிக்லிங் என்ற மூங்கில் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். வயலில் வைத்த மூங்கில் பொறிகளுக்குத் தப்பித் தாவும் திக்லிங் பறவையின் ஆட்டம் அது. கட்டை தரையில் இரண்டு தட்டு, அப்புறம் ஒன்றோடொன்று ஒரு மோதல். அந்த மோதலுக்குள் கால் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று என் கணுக்காலைக் கேளுங்கள்.

லோலா மறந்துபோன அடிகளுக்காக ஃபிரான்சிஸ்கா ரேயஸ் அகினோவைத் தேடிப் படித்தேன். 1920களிலேயே ஊர் ஊராகப் போய் நாட்டுப்புற ஆட்டங்களைக் குறித்துவைத்தவர். அவருக்கு நேரில் நன்றி சொல்ல வழியில்லை.

மூங்கிலடித்த இரண்டு தம்பிகளே, மூன்று மாதம் தரையில் உட்கார்ந்தீர்கள். உங்கள் முழங்கால்கள் என்னை மன்னிக்கட்டும். அபக்கா நார்த்தாளை மூங்கில்களுக்கு நடுவில் விரித்து, உள்ளங்காலில் மை பூசிக்கொண்டு ஆடலாம் என்றபோது நீங்கள் சிரிக்கவில்லை. (அபக்கா வாழைக் குடும்பத்துச் செடிதான்.) முதல் பதினோரு தாளும் சேற்றில் கோழி நடந்த மாதிரி இருந்தன. மூங்கில் காலில் பட்ட இடத்தில் மை இழுபட்டுக் கிடந்த தாள்களைத்தான் கடைசியில் சுவரில் மாட்டினேன்.

இனி, பிலிப்பைன்ஸின் லனாவோ ஏரிக்கரையிலிருந்து வந்த, மரனாவ் என்ற முஸ்லிம் இனத்துப் பெரியம்மாவுக்கு. ஒத்திகையில் நான் ஆடிய சிங்கிலை, உங்கள் மக்களின் விசிறி ஆட்டத்தை, கடைசிவரை பார்த்தீர்கள். "அழகாக இருக்கிறது. ஆனால் இது எங்கள் வீட்டு ஆட்டம் இல்லை" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நான் கற்றது 1957இல் தொடங்கிய பயானிஹான் நடனக் குழு உலகமெங்கும் கொண்டுபோன மேடை வடிவத்தை, அதுவும் காணொளி பார்த்து. அது மரனாவ் மக்களின் தரங்கென் காவியத்துக் கதை, காடு அதிர்ந்து மரங்கள் சாய, நடுவே காந்திங்கான் இளவரசி நடந்துபோகிறாள் என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். எங்கள் பள்ளி விழாக்களில் அதற்கு 'முஸ்லிம் ஆட்டம்' என்று ஒரு பெயர், அவ்வளவுதான்.

விசிறிகளைக் கீழே வைக்கச் சொன்னீர்கள். இரண்டு வாரம் வெறும் நடைதான், கினி-கினி என்ற மரனாவ் பெண்களின் நடை. குளிர்பெட்டியில் ஒட்டும் பொம்மையைப் பார்த்து நான் வரைந்திருந்த ஓகிர் என்ற மரனாவ் அலங்காரக் கோலத்தையும் விட்டுவைக்கவில்லை. இது நாகா, இது பாகோ ரபோங், துளிர்க்கும் பெரணி என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். சிங்கிலை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு ஒதுக்கியிருந்த எட்டு நிமிடத்தில் ஒன்றும் ஆடாமல், நீங்கள் கற்றுத்தந்த நடையில் மேடையை ஒருமுறை கடந்தேன். முன்வரிசையில் நீங்கள் தலையசைத்தது தெரிந்தது. மைக் என் கையில் நிற்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

கொல்லை மூங்கிலை வெட்டித்தந்த பக்கத்து வீட்டுத் தீத்தோவுக்கு (மாமாவுக்கு) ஒரு செய்தி: நான்கில் ஒன்று பிளந்துவிட்டது. மற்ற மூன்றும் எங்கள் கராஜில் பத்திரமாக இருக்கின்றன. திருப்பித் தரும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.