மறுதலித்தவர்களுக்காக ஒரு மன்றாட்டு

அன்புள்ள ஃபாதர்,

ஸ்தோத்திரம். ஓரியூர் திருவிழாவில் உங்கள் மறையுரையைக் கேட்டேன். ஓரியூரில் மறைசாட்சியாக உயிர்விட்ட அருளானந்தரைப் பற்றிச் சொன்னதெல்லாம் நன்றாக இருந்தது. 1686-ல் பட்ட சித்திரவதை, போர்ச்சுக்கல் போனவர் அங்கேயே தங்கிவிடாமல் மறவர் நாட்டுக்குத் திரும்பி வந்தது, 1693 பிப்ரவரி 4-ல் தலை வெட்டப்பட்டது வரை கூட்டம் அசையாமல் கேட்டது. (அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் இளவரசர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதில்தான் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் கோபம் மூண்டது. விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் பக்கம் நின்று யாரும் பிரசங்கம் வைப்பதில்லை. அது வேறு கதை.) அப்புறம் முடிக்கும்போது ஒன்று சொன்னீர்கள்: உயிருக்குப் பயந்து விசுவாசத்தை மறுதலித்தவன் எவனும் யூதாசுதான் என்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் அதைப் பொதுவில் சொன்னதுதான்.

யூதாசு இன்னொருவரைப் பிடித்துக் கொடுத்தான். பேதுரு அப்படிச் செய்யவில்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே நடுங்கிப்போய், அவரை எனக்குத் தெரியாது என்றார். மறுதலிப்பு என்று பார்த்தால் அதுதான் அசல் மறுதலிப்பு. உயிர்த்த ஆண்டவர் அதற்கு விளக்கம் கேட்டதாக யோவான் நற்செய்தியில் இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டு ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார். மனிதர் முன் என்னை மறுதலிப்பவரை நானும் மறுதலிப்பேன் என்ற வசனத்தை எடுத்துக்காட்டினீர்கள். மத்தேயு 10-ஆம் அதிகாரம். சரியாகப் பத்து வசனம் மேலே போனால், ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறோர் ஊருக்கு ஓடிப்போங்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

பேதுருவுக்குக் கிடைத்தது மன்னிப்பு, அதனால் அவர் செய்தது சரியென்று ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் மன்னிப்பே தேவைப்படாத மறுதலிப்பும் உண்டு என்று நினைக்கிறேன்.

கீழக்கரையில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். உங்கள் மறையுரையைப் பற்றி அவரிடம் சொன்னபோது அம்மாரின் கதையைச் சொன்னார். மக்காவில் இஸ்லாம் தொடங்கிய காலம். யாசிர், அவர் மனைவி சுமையா, மகன் அம்மார் மூவரையும், அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதற்காக, மக்காவின் குறைஷிக் குலத்தார் வதைத்தார்கள். சுமையா கடைசிவரை சொல்லை மாற்றவில்லை, கொல்லப்பட்டார். இஸ்லாத்தின் முதல் ஷஹீது, அதாவது மறைசாட்சி, ஒரு பெண், அந்தத் தாய்தான். மகன் வலி தாங்காமல் அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே நபியிடம் போனார். உன் உள்ளம் எப்படி இருக்கிறது என்று நபி கேட்டார். ஈமானில், அதாவது விசுவாசத்தில், உறுதியாக இருக்கிறது என்றார் அம்மார். அப்படியானால், மறுபடி வதைத்தால் மறுபடியும் சொல்லிவிடு என்று பதில் வந்தது. நிர்ப்பந்தத்தில் வாய் சொன்னாலும் உள்ளம் ஈமானில் அமைதியாக இருப்பவர்மேல் குற்றமில்லை என்று குர்ஆனின் 16-ஆம் அத்தியாயத்தில், 106-ஆம் வசனத்தில் இருக்கிறது. அது அம்மாரை ஒட்டி இறங்கியது என்பார்கள்.

ஒரே வீட்டில் தாய் மாறாமல் செத்தார், மகன் மாற்றிச் சொல்லிப் பிழைத்தார். தாயை உயர்த்துவதற்காக மகனை யாரும் மிதிக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, ஃபாதர்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. கிறிஸ்தோவாவோ ஃபெரைரா. அருளானந்தரைப் போலவே போர்ச்சுக்கல்காரர், சேசு சபைக் குரு. கிறிஸ்தவத்தைத் தடைசெய்திருந்த ஜப்பானில், 1633-ல் நாகசாகியில் அவரைக் கட்டி ஒரு குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஐந்து மணி நேரம் போல் தாங்கினார், பிறகு மறுதலித்தார். அதே வதையில் மாறாமல் உயிர்விட்டவர்களும் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம்கூடத் தொங்கிப் பார்க்காத நான் அந்த மனிதரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிடிபட்ட கிறிஸ்தவர்களையும் குருக்களையும் விசாரிக்கும் இடத்தில் அதிகாரிகளுக்குத் துணையாக உட்கார்ந்தார். குழியில் தொங்கிய ஃபெரைராவை யூதாசு என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். விசாரணை மேடையில் உட்கார்ந்த ஃபெரைராவைச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் கோடு போடும் இடம் அதுதான். சொல்லிய சொல்லால் யார் மாட்டினார்கள், யார் தப்பினார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு தாயின் முன்னால் பிள்ளையை நிறுத்தி, சொல்கிறாயா இல்லையா என்று கேட்டால், அவள் சொல்லிவிடுவதுதான் சரி. அதைப் பலவீனம் என்று இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாவத்தின் கணக்கு கத்தி பிடித்தவன் பெயரில். தன் உயிர் மட்டும்தான் பணயம் என்றால், நிற்பதா குனிவதா என்பது அவரவர்க்கும் கடவுளுக்கும் நடுவில். பந்தலுக்குள் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு நாம் கேட்கிற விலை இல்லை அது.

எல்லாரும் இப்படிக் குனிந்தால் விசுவாசம் மிஞ்சுமா? நல்ல கேள்வி. நாகசாகிப் பக்கத்தில் ஊராரைக் கூட்டி, ஆண்டவர், மாதா உருவம் பதித்த பலகைகளை ஆண்டுதோறும் மிதிக்க வைத்தார்கள். உள்ளுக்குள் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் மிதித்தார்கள். வீட்டுக்குப் போய், பாவத்துக்கு வருந்தும் மனத்துயர் செபம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குருவே இல்லாமல் இருநூறு வருடத்துக்கு மேல். 1865-ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஊரா கோயிலுக்குள் ஒரு சிறு கூட்டம் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று பிரெஞ்சுக் குரு பெத்தித்ஜானிடம் சொன்னது. மாதா சுரூபம் எங்கே என்று கேட்டது. பலகையை மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மிதிக்காமல் செத்தவர்களின் நினைவும் அவர்களைத் தாங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். செத்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கதவைத் தட்ட ஆளிருந்திருக்காது.

நம் கடற்கரையிலேயே பாருங்கள். 1549-ல் வேதாளையில் வடுகர் படை வந்தபோது சேசு சபைக் குரு அந்தோனி கிரிமினாலி தான் தப்பிக்கப் பார்க்காமல் சனங்களைப் படகில் ஏற்றிவிட்டுச் செத்தார். அவரை நான் கும்பிடுவது அந்தப் படகுகளுக்காக.

இன்னொன்று. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்தும் சிலர் வந்து அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். 1983-ல் தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில் கொழும்பில் பொட்டை அழித்து, தாலியை மறைத்து, தமிழர் இல்லை என்று சொல்லிப் பிள்ளைகளோடு தப்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மறைத்தது மதத்தை இல்லைதான். ஆனாலும் உங்கள் வாக்கியம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

அருளானந்தரைப் பற்றி ஒரு வரியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அடுத்த திருவிழாவில், மறைசாட்சிகளுக்கு நன்றி சொல்லும் மன்றாட்டுக்கு அடுத்தபடியாக, வதைக்கு அஞ்சி மறுதலித்தவர்களுக்காகவும் ஒன்று சேர்க்க முடியுமா? எழுத ஆளில்லை என்றால் என்னிடம் விடுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சந்திப்பிழை இல்லாமல் எழுதி, கொடியேற்றத்துக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வாத்தியார்